பாப்பாவுக்கு யார் மூக்கு?

கேள்வி: எனக்கு ஏழாவது மாதம். ராத்திரி குளிருக்குக் கரியடுப்பைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு, நானும் அவரும் எங்கள் சின்ன வயசு போட்டோக்களைப் பார்த்து, பாப்பாவுக்கு யார் மூக்கு, யார் சுருட்டை முடி என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். குங்குமப்பூ பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்கிறார் அத்தை. உண்மையா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: படிக்கவே மனசு நிறைந்தது அம்மா. குங்குமப்பூ நிறத்தை மாற்றாது. அத்தையின் ஆசைக்கு இரண்டு இழை போட்டுக் குடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நிறத்தின் பின்னால் பல மரபணுக்கள் இருக்கின்றன; அவற்றைச் சுமக்கும் குரோமோசோம்கள் உங்களிடமிருந்து 23, அவரிடமிருந்து 23, அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் கலைத்துப் போட்டு வருவதால்தான் ஒரே வீட்டில் அக்கா பாட்டி ஜாடையிலும் தம்பி மாமா ஜாடையிலும் இருக்கிறார்கள், அதனால் தாத்தா பாட்டி போட்டோக்களையும் எடுத்து வையுங்கள். பிறந்த அன்றே முடிவு கட்டாதீர்கள். சுகப்பிரசவத்தில் தலை நீண்டு, மூக்கு அமுங்கி இருக்கலாம், சில நாளில் சரியாகிவிடும். நிறம் நிலைக்க மாதக்கணக்கில் ஆகும். கறுப்போ மாநிறமோ, பிள்ளையின் காதுபட யாரையும் நிறம் பேச விடாதீர்கள்.

அப்புறம், அந்தக் கரியடுப்பு. மூடிய அறையில் அதன் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வாடையே இல்லாமல் சேரும், வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. இன்றைக்கே வெளியே வைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுங்கள். உங்கள் குரல் பாப்பாவுக்கு இப்போதே கேட்கும்.