கடைசி பொஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கேம்காரர்கள் கேட்டவற்றுக்கு இந்தமுறை ஒரே தலைப்பில் பதில்: கேமின் முடிவில் வரும் பெரிய சண்டையும் அதில் எதிரே நிற்கும் பெரிய எதிரியும், அதாவது 'பைனல் பொஸ்'. முடிவுகளை ஒளிக்காமல்தான் எழுதியிருக்கிறேன். இன்னும் முடிக்காத கேமின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள்.

ஆரையம்பதியிலிருந்து: அண்ணன், சுத்தி வளைக்காம ஒண்டே ஒண்டு சொல்லுங்க. உங்களுக்குப் பிடிச்ச பைனல் பொஸ் ஆரு?

'மெட்டல் கியர் சொலிட் 3: ஸ்னேக் ஈட்டர்' கேமில் வரும் 'த பொஸ்'. ஆளின் பெயரே அதுதான். 2004இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த கேம். கதை 1964இல், அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில் நடக்கிறது. நாம் ஆட்டுவிக்கும் ஆள் ஸ்னேக். அவனுக்குச் சண்டை பழக்கியவளே இவள். அவளைக் கொன்றுவிட்டு வா என்று அவனையே அனுப்புகிறார்கள்.

இடம், வெள்ளைப் பூ நிறைந்த ஒரு வெளி. பத்து நிமிடம்தான் நேரம். அதற்குப் பிறகு மிக் விமானங்கள் வந்து குண்டு போட்டுவிடும். அவளும் வெள்ளை உடை, பூவுக்குள் பதுங்கினால் கண்ணுக்குப் பிடிபடாது. கேம் முழுக்க நாம் புல்லுக்குள் படுத்து, உடை மாற்றி, எதிரிகளை ஏய்த்துக்கொண்டு வந்தோம் அல்லவா, அந்த வித்தையை இப்போது அவள் நம்மிடம் காட்டுகிறாள். யோசிக்காமல் கிட்ட ஓடினால் கையைப் பிடித்துத் தரையில் அடிப்பாள். நேரம் முடியப்போகையில் கேமின் தலைப்புப் பாட்டு ஓடத் தொடங்கும். அதைக் கேட்டதும் கை நடுங்காதவர் குறைவு.

ஆனால் நான் இதை முதலிடத்தில் வைப்பது அந்தப் பத்து நிமிடத்துக்காக இல்லை. அவள் விழுந்த பிறகு ஸ்னேக் துப்பாக்கியை நீட்டியபடி நிற்கிறான். மிச்சத்தைக் கேமே காட்டிவிடும் என்று நாம் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் பார்க்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பட்டனை அழுத்து என்ற எழுத்துகூட வரவில்லை. சுடுவது நம் வேலை என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அழுத்தினால் ஒரு வெடி, அத்தனை பூவும் சிவப்பு. அவளை ஸ்னேக் கொன்றான் என்று சொல்லித் தப்ப ஏலாது.

2025இல் 'டெல்டா' என்ற பெயரில் புதுப்பித்து விட்டிருக்கிறார்கள். புது மெஷின் உள்ளவர்கள் அதில் ஆடலாம்.

காத்தான்குடியிலிருந்து: 'வாரியர் வித்தின்' முடிவுல நான் அடிச்சது கைலீனாவ. என்ட கூட்டாளி, தஹாக்காவ அடிச்சன் எண்டு ஸ்கூல் காலத்துல இருந்தே சொல்றான். பொய்தானே?

உண்மை. அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகிவிடுங்கள்.

2004இல் வந்த இந்த 'பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா' கேமுக்கு இரண்டு முடிவுகள். ஆங்காங்கே ஒளித்து வைத்திருக்கும் ஒன்பது உயிர் மேம்பாடுகளையும் எடுத்தால் தண்ணீர் வாள் கிடைக்கும். அதோடு போனால் கடைசிச் சண்டை, கேம் முழுக்க இளவரசனைத் துரத்தும் பூதமான தஹாக்காவோடு. எடுக்காமல் போனால் காலத்தின் பேரரசி கைலீனாவோடு.

தஹாக்கா துரத்தும்போது நாம் எப்படித் தப்பினோம் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர்த் திரைக்குப் பின்னால் பாய்ந்துதான். அது தண்ணீரைத் தாண்டி வராது. பயந்து ஓடி ஓடித் தெரிந்துகொண்ட அந்த ஒரு விஷயத்தையே கடைசியில் வாளாகச் செய்து கையில் தருகிறார்கள். நல்ல கடைசிச் சண்டைக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: புதிதாக ஒன்றைத் திணிக்காமல், அதுவரை படிப்பித்ததைக் கேட்கவேண்டும். 2005இல் வந்த அடுத்த பாகத்தின் கதை தொடர்வதும் உங்கள் கூட்டாளியின் முடிவிலிருந்துதான். அதையும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், பிறகு பிடிக்க ஏலாது.

வாழைச்சேனையிலிருந்து: சேன் அன்ட்ரியாஸ்ல பிக் ஸ்மோக்கை பைனல் பொஸ் எண்டு சொல்லலாமா? எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம்.

ஸ்மோக்கோடு நடப்பது சாதாரணத் துப்பாக்கிச் சண்டை. ஆள் தடித்த கவச உடை போட்டிருப்பான், அவ்வளவுதான். உண்மையான கடைசிச் சண்டை அதற்குப் பிறகு: ஊழல் பொலிஸ்காரன் டெம்பெனி தீயணைப்பு வண்டியில் தப்பி ஓடுவான், ஏணியில் நம் அண்ணன் ஸ்வீட் தொங்கிக்கொண்டு போவான், நாம் கூரையில்லாத காரை அவனுக்கு நேர் கீழே கொண்டுபோய்ப் பிடிக்கவேண்டும். அந்தக் கேமில் நாம் அதிகம் செய்தது கார் ஓடியதுதானே. கேள்வியும் அதிலிருந்துதான் வருகிறது. எனவே என் வாக்கு தீயணைப்பு வண்டிக்கு.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: தம்பி, நான் கேம் ஆடுறதில்ல. மகன் ஓ.எல். எழுதிப்போட்டு வீட்டில நிற்கிறான். 'செகிரோ' எண்ட ஒண்டில ராவு ராவா ஒரு கிழவனோட சண்டை பிடிக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டா 'இப்ப நிப்பாட்ட ஏலாதம்மா' எண்டு கத்துறான். அந்தக் கிழவன் ஆரு? எப்ப சாவான்?

அக்கா, உங்களுக்கு வேண்டிய தகவலை முதலில் சொல்கிறேன். செகிரோவை நிப்பாட்டலாம். மெனுவைத் திறந்தால் ஓங்கின வாள் ஓங்கினபடியே நிற்கும். 'எல்டன் ரிங்' ஆடும் பிள்ளை அப்படிச் சொன்னால் கொஞ்சம் நம்பலாம். செகிரோ ஆடும் பிள்ளை சொன்னால் சோற்றைப் போட்டுவிட்டு இன்னொருதரம் கூப்பிடுங்கள்.

கிழவனின் பெயர் இஷ்ஷின் அஷினா. ஜப்பானில் போர் ஓயாத காலத்துக் கதை. வாளால் நாட்டைப் பிடித்த ஆள், நோயில் செத்துப்போகிறான். நாடு அழியப்போகிறதே என்று வளர்ப்புப் பேரன் கெனிச்சிரோ தன் கழுத்தையே அறுக்க, அதற்குள்ளிருந்து தாத்தா திடகாத்திரமான கோலத்தில் எழும்பி வருகிறார். ஆகவே மகன் அடி வாங்குவது கிழவனிடம் இல்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்லாதீர்கள்.

எப்போது சாவான் என்பது மகனின் கையில். மிச்சத்தை அவனிடம் கொடுங்கள்.

தம்பி, முதலில் கெனிச்சிரோ வருவான். அவனில் மருந்தைச் செலவழிக்காதே. இஷ்ஷினுக்கு மூன்று கட்டம். வெறும் வாள், அடுத்தது ஈட்டியும் கைத்துப்பாக்கியும், மூன்றாவதில் மின்னல். நீ உயிர்க்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஆடுகிறாய் என்று நினைக்கிறேன். நிலைக்கோட்டைப் பார். அது நிரம்பி உடைந்தால் ஒரே குத்தில் ஒரு கட்டம் முடிந்தது. ஆனால் அவனுக்கு உயிர் நிறைய இருக்கும்வரை நிலை விறுவிறுவென்று தேறிவிடும். உயிர் குறையக் குறையத்தான் தேறுவது மெதுவாகும். எனவே முதலில் கொஞ்சம் வெட்டு, பிறகு கிட்ட நின்று வாளுக்கு வாள் தட்டிக்கொண்டே இரு. பின்னால் ஓடி மூச்சு வாங்கினால் மூச்சு வாங்குவது நீ மட்டும் இல்லை.

மின்னல்தான் எல்லாவற்றிலும் லேசு. அவன் மின்னலை ஓங்கும்போது குதி. அந்தரத்தில் வாங்கு. கால் நிலத்தில் படுமுன் வாளை வீசு, மின்னல் அவனுக்கே திரும்பிப் போகும். இது கோட்டை உச்சியில் கெனிச்சிரோவோடு பிடித்த சண்டையிலேயே நீ படித்ததுதான். இந்தக் கேமில் லெவல் ஏற்றிக்கொண்டு வந்து ஆளை நசுக்க வழியில்லை. 2019இல் வந்த கேம். வாள் சண்டையில் இதற்கு மேல் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு ஆடு.

நிந்தவூரிலிருந்து: நாங்க ப்ரீ ஃபயர் மட்டும்தான். எங்களுக்கு பைனல் பொஸ் இல்லியா?

இருக்கிறான். கடைசி வட்டத்தில் புல்லுக்குள் படுத்துக் கிடப்பவன்.

சம்மாந்துறையிலிருந்து: கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய லெப்டொப். இதில ஓடக்கூடிய, நல்ல கடைசிச் சண்டை உள்ள கேம் ஏதும் இருக்கா?

'அண்டர்டேல்'. 2015இல் டோபி ஃபொக்ஸ் என்பவர் பெரும்பாலும் தனியாகச் செய்தது. பழைய டிவி கேம் மாதிரி இருக்கும். படத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

அதில் யாரையும் கொல்லாமலே கேமை முடிக்கலாம். மாறாக, கண்ணில் பட்ட எல்லாரையும் ஒருவர் விடாமல் கொன்றுகொண்டு போனால் கடைசியில் சான்ஸ் என்ற எலும்புக்கூடு வழிமறிக்கும். நீல ஜாக்கெட், காலில் செருப்பு, முகத்தில் எப்போதும் சிரிப்பு. விவரத்தைத் தட்டிப் பார்த்தால் தாக்கு 1, தற்காப்பு 1 என்று காட்டும். ஒரு அடி பட்டால் போதும். அந்த ஒரு அடியும் படாது. அதுவரை வந்தவர்கள் நாம் அடிக்கும்போது நின்று வாங்கினார்கள், இவன் விலகுகிறான். போகப் போக, நாம் மெனுவில் தெரிவு செய்துகொண்டு இருக்கும்போதே எலும்பு வந்து குத்தும். நம் முறை, அவன் முறை என்று கேம் போட்ட சட்டத்தை நாம் நம்பியிருந்தோம், அவன் நம்பவில்லை.

கடைசியில், இதோ என் விசேஷத் தாக்குதல் என்பான். ஒன்றும் வராது. அதுதான் தாக்குதல். அவன் தன் முறையை முடித்தால்தானே நம் முறை வரும்? முடிக்காமல் சும்மா நிற்கிறான், நாம் சலித்துப்போய்க் கேமை மூடட்டும் என்று. கனநேரம் காத்திருந்தால் அவனுக்கே தூக்கம் வரும். அப்போது நம் இதயம் அடைபட்டிருக்கும் பெட்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு போய் அடிக்கும் பட்டனில் சேர்க்கவேண்டும். முதல் அடிக்கும் விலகிவிடுவான், கவனம்.

உங்கள் லெப்டொப் அவ்வளவு பழசு இல்லை என்றால் 'ஹொலோ நைட்' டும் போட்டுப் பாருங்கள், 2017. சண்டையின் நடுவே தன்னைத்தானே வாளால் குத்திக்கொள்ளும் பொஸ் அதில்தான். எதிரியும் சாகத்தான் விரும்புகிறான் என்று அப்போது விளங்கும்.

வந்தாறுமூலையிலிருந்து, ஒரு மாணவி: எங்கட ஊர்க் கூத்தில ராசா வரவுக்கு மத்தளமும் சல்லரியும் அதிரும். கேம்லயும் பொஸ் வந்தா அப்பிடித்தான் காது கிழியும். அப்பிடி இல்லாத பொஸ் இசை இருக்கா அண்ணா?

நல்ல கேள்வி, தங்கச்சி. 'டார்க் சோல்ஸ்' (2011) கேமின் க்வின். இவரும் ராசாதான், அதுவும் தேவர்களின் ராசா. அணையப்போகும் நெருப்பைக் காப்பாற்றத் தன்னையே எரித்துக்கொண்டவர். அந்தக் கேமில் மற்றப் பொஸ்கள் பலருக்குப் பெரிய வாத்தியக்குழு, கூட்டுக்குரல் எல்லாம் உண்டு. கடைசிக் கதவைத் திறந்தால் க்வினுக்குப் பியானோ மட்டும், அதுவும் அமைதியாக. இசை மோட்டோய் சகுராபா. ஆள் எரியும் வாளோடு பாய்ந்துகொண்டு வருவார், பியானோ அதைக் கவனிக்காத மாதிரி தன்பாட்டில் போகும். மத்தளம் அடித்து அழைத்துவர அங்கே ஒருவரும் மிச்சமில்லை என்றே எனக்குப் படும்.

அவருடைய வாளைச் சரியான நேரத்தில் தட்டிவிடப் பழகினால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எரிந்து தீர்ந்துபோன ஒரு ராசா வேறெப்படி இருக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஏறாவூரிலிருந்து: நல்லதையே சொல்றீங்க. ஆக மோசமானது எது?

'பேட்மன்: ஆர்க்கம் அசைலம்', 2009. அருமையான கேம். ஜோக்கரின் ஆயுதம் வாயும் மூளையும். கடைசியில் அவனுக்கு ஊசி போட்டு ஒரு தசைமலையாக்கி நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட தடியன்களை வழி முழுக்க அடித்துக்கொண்டுதானே வந்தோம்.

'பயோஷொக்' (2007) முடிவில் வரும் ஃபொன்டேனும் அதே வகை. கதையின் பெரிய திருப்பம் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே முடிந்துவிடும். பிறகு சிலை மாதிரி ஒருவன் வந்து குத்துகிறான். 'டெக்கன் 5' இன் ஜின்பாச்சி வேறு கோத்திரம்: நம்மை அசையவிடாமல் உறையவைத்துவிட்டு வயிற்றிலிருந்து நெருப்பை விடுவார். அது கஷ்டம் இல்லை, அநியாயம்.

அக்கரைப்பற்றிலிருந்து: எல்டன் பீஸ்ட்டுக்குப் பின்னால ஓடி ஓடியே களைச்சுப் போனன். குதிரை இல்லாம இது என்ன விளையாட்டு?

2022இல் 'எல்டன் ரிங்' வந்தபோது நீங்கள் சொல்வது சரி. 2024 அப்டேட்டுக்குப் பிறகு அந்தச் சண்டையில் குதிரை டொரன்டைக் கூப்பிடலாம். கேமை அப்டேட் செய்துவிட்டு ஆடுங்கள். குதிரையில் ஏறினாலும் அது என் பட்டியலில் மேலே ஏறாது. அதற்கு முன்னால் வரும் ரடகொன் சண்டையோடு முடித்திருக்கலாம்.

திருக்கோவிலிலிருந்து: பழைய கேம் ஒண்டைப் பற்றி ஏதாவது புதினம் சொல்லுங்க.

'டூம் 2', 1994. கடைசி பொஸ் ஒரு சுவர் நிறையப் பிசாசு முகம். நெற்றியில் ஒரு துளை. அதற்குள் ரொக்கெட் அடிக்கவேண்டும். முதலில் ஒரு கரகரத்த பிசாசுக் குரல் கேட்கும். அதைப் பின்னிருந்து ஓடவிட்டால், 'இந்தக் கேமை வெல்ல என்னை, ஜோன் ரொமேரோவைக் கொல்லவேண்டும்' என்று வரும். ரொமேரோ அந்தக் கேமைச் செய்தவர்களில் ஒருவர். துளைக்குப் பின்னால் அவருடைய தலைப்படத்தைக் கூட வேலை செய்தவர்கள் பகிடிக்கு ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டுக் கோபிக்கவில்லை, குரலையும் கொடுத்துவிட்டார். நாம் அடிக்கும் ரொக்கெட் எல்லாம் போய் விழுவது அந்தத் தலையில்தான்.

ஓட்டமாவடியிலிருந்து: நானா, எனக்குப் பதினொரு வயசு. மைன்கிராஃப்ட் டிராகனுக்கு எவ்வளவு அடிச்சாலும் திரும்ப உயிர் ஏறுது. என்ன செய்ய?

டிராகனை விடு தம்பி, தூண்களைப் பார். பத்துத் தூண் இருக்கும், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பளிங்கு. டிராகன் பறக்கும்போது அதற்கு உயிர் ஏற்றுவது அந்தப் பளிங்குகள்தான். முதலில் அவற்றை வில்லால் உடை. இரண்டு பளிங்குக்கு இரும்புக் கூடு இருக்கும். ஏறிப்போய்க் கம்பியை உடைத்துவிட்டு, தள்ளி நின்று அடி. பக்கத்தில் நின்று அடித்தால் வெடித்து நீயும் விழுவாய். எண்டர்மேன் தொல்லைக்குத் தலையில் பூசணிக்காய் போட்டுக்கொண்டு போ.

எல்லாம் உடைந்த பிறகு டிராகன் நடுவில் வந்து இறங்கும். அப்போது அம்பை விட்டுவிட்டு வாளால் தலையில் அடி. ஊதா நிறப் புகை விட்டால் விலகு. கட்டிலைப் போட்டு வெடிக்கவைக்கும் வித்தையை யாராவது காட்டியிருப்பார்கள். நீ இப்போதைக்குச் செய்யாதே, டிராகனுக்கு முன்னால் நீ போய்விடுவாய். வைரச் சாமான் ஏதும் இருந்தால் போகுமுன் வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போ. அங்கே தீவுக்கு வெளியே வெறுமைக்குள் தள்ளுப்பட்டால் எடுக்க ஏலாது.

முதல் தடவை கொன்றால் அனுபவப் புள்ளி 12,000. ஆசைப்பட்டால் வாசலைச் சுற்றி நாலு பளிங்கு வைத்துத் திரும்பக் கூப்பிடலாம், ஆனால் அடுத்ததுக்கு 500தான் தருவார்கள்.