லூசர்ன், இன்டர்லாகன் 6 நாள் பயணத்துக்கு எந்த பாஸ்?

வணக்கம். மூன்று நாள் லூசர்ன், மூன்று நாள் இன்டர்லாகன், கூட 7, 11 வயதுப் பிள்ளைகள். சுவிட்சர்லாந்தின் ரயில், பேருந்து, படகுகளில் தனி டிக்கெட் இல்லாமல் போகவிடும் சுவிஸ் டிராவல் பாஸா, டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தரும் ஹாஃப் ஃபேர் கார்டா என்று கேட்டிருந்தீர்கள். எந்த மலைக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பதில் அதில்தான் இருக்கிறது.

ரிகி என்றால் டிராவல் பாஸ் அருமை. லூசர்னில் படகேறி விட்ஸ்னாவ், அங்கிருந்து 1871-இல் தொடங்கிய பற்சக்கர ரயிலில் உச்சி, இறங்கும்போது வேகிஸ் கேபிள் கார். அத்தனையும் பாஸுக்குள் அடக்கம். தூன், பிரியன்ஸ் ஏரிப் படகுகளும் அப்படியே. ஏரியில் நிதானமாகப் போக ஆசை இருந்தால் தயங்காதீர்கள்.

யுங்ஃப்ராயோக் கட்டாயம் என்றால் கணக்கு மாறும். டிராவல் பாஸ் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் செல்லும். அதற்கு மேலே 25% தள்ளுபடி மட்டுமே. ஹாஃப் ஃபேரில் பாதிக் கட்டணம். பிலாட்டஸ், டிட்லிஸ் இரண்டுக்கும் எதை வைத்திருந்தாலும் பாதிதான்.

பிள்ளைகளுக்குத் தனி பாஸ் வாங்கிவிடாதீர்கள்! உங்கள் பாஸோடு, பிள்ளைகள் உங்களுடன் கட்டணமின்றி வர உதவும் சுவிஸ் ஃபேமிலி கார்டை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். டிராவல் பாஸில் தொடர் நாட்கள், விரும்பிய நாட்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஃபிளெக்ஸ் என இரு வகை உண்டு. ஒரு நாள் ஊருக்குள்ளேயே நடந்து சுற்றுவதானால் ஃபிளெக்ஸ் விலையையும் பாருங்கள்.

மலைகளின் பட்டியலை எழுதுங்கள், சேர்ந்தே கூட்டிப் பார்ப்போம்.