சட்டி, பானை, ஒரு மான்

அன்புள்ள சார்,

தோஹாவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் கார்னிஷ் என்கிற கடற்கரைச் சாலையில் நின்று வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. போன வாரம்தான் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குள் போனோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சுற்றிவிட்டோம். சின்னவன் அரை மணியிலேயே பார்க்குக்குப் போகலாம் என்று ஆரம்பித்துவிட்டான். "எல்லாம் சட்டி பானைதானேப்பா" என்றார் அப்பா. அரபி எங்களுக்குப் படிக்க வராது. உருவம் வரையக் கூடாது என்பதால் சிலையும் படமும் இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். அப்படியானால் எங்களைப் போன்ற குடும்பம் அங்கே என்னத்தைப் பார்ப்பது?

ரா., தோஹா

அன்புள்ள ரா.,

உங்கள் அப்பா சொன்னதில் தப்பே இல்லை. கிண்ணம், கூஜா, விளக்கு, கம்பளம் என்று புழங்கிய சாமான்கள்தான் அங்கே நிறைய. யாரோ அதில் சாப்பிட்டிருக்கிறார்கள், கை கழுவியிருக்கிறார்கள், விளக்கேற்றியிருக்கிறார்கள். அப்பா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நீங்கள்தான் அதைக் குறையாக எடுத்துக்கொண்டீர்கள்.

நாங்களும் முதல் நாள் தோற்றுத் திரும்பியவர்கள்தான். இரண்டு வருடம் முன்பு தோஹாவில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மதியம் பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு அம்மா, மனைவி, மகள், மகன் என்று குடும்பமே போய் இறங்கினோம். நுழைந்த பத்தாவது நிமிடம் ஆறு வயது மகன் கூடத்தின் நடுவில் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். எனக்கு மானம் போயிற்று. அவனோ மேலே பார்த்து, "அப்பா, வட்டம் கீழே வர வர சதுரமாகுது" என்றான்.

கட்டடத்தை வடிவமைத்த ஐ. எம். பெய் அங்கே செய்திருப்பதே அதுதான். கூடத்துக்கு மேலே உள்ள குவிமாடம் வட்டமாகத் தொடங்கி, எண்கோணமாகி, சதுரமாகி, கடைசியில் முக்கோணங்களாக மடிந்து தூண்களில் இறங்குகிறது. இதன் மூலத்தைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர், கெய்ரோவின் இப்னு துலுன் பள்ளிவாசல் முற்றத்தில் தொழுகைக்கு முன் கை கால் கழுவும் மண்டபத்தில் வந்து நின்றார். 2008இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 91. பக்கத்தில் நாளைக்கு எந்தக் கட்டடம் எழுந்து மறைக்குமோ என்று, கடலுக்குள் தனியாக ஒரு தீவே போட்டுத் தரச் சொன்னார். அந்த வயதில் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் திரும்பப் போனோம். இந்த முறை ஆளுக்கு ஒரே ஒரு பொருள். பிடித்த ஒன்றைத் தேடிப் பிடித்து மற்றவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் போகிற வழியில் கண்ணில் பட்டால் சரி.

மகன் பிடித்தது ஒரு பெண் மான். 10ஆம் நூற்றாண்டு, ஸ்பெயினின் கோர்டோபாவுக்குப் பக்கத்தில் மதீனத் அல்-ஸஹ்ரா அரண்மனையைச் சேர்ந்த வெண்கல மான். நீரூற்றின் வாய் அது. உள்ளே பொள்ளல், அடியிலிருந்து தண்ணீர் ஏறி வாய் வழியாகக் கொட்டும். உடம்பெல்லாம் இலையும் கொடியும் செதுக்கியிருக்கிறார்கள். மகன் குனிந்து காலுக்கடியில் குழாயைத் தேடினான், எழுந்து வாயைப் பார்த்தான், மறுபடி குனிந்தான். கால் மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. உருவமே இருக்காது என்று உங்களுக்குச் சொன்னவர்களை இந்த மான் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். பள்ளிவாசலிலும் குர்ஆன் பிரதியிலும் உருவம் வராது. அரண்மனைத் தோட்டத்திலும், கதைப் புத்தகத்திலும், சாப்பாட்டுத் தட்டிலும் மானும் குதிரையும் வேட்டைக்காரனும் தாராளமாக வருவார்கள். இஸ்லாமியக் கலை என்ற பெயரைப் பார்த்துவிட்டு எல்லாமே வழிபாட்டுச் சாமான் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

மகள் நட்சத்திரக் கோலங்கள் போட்ட ஒரு மரக்கதவைப் பிடித்தாள். "நம்ம கோலம் மாதிரி இல்லே?" என்று அறிவாளித்தனமாகக் கேட்டு வைத்தேன். "கோலத்துக்குப் புள்ளி வேணும். இதுல புள்ளி எங்கே? இது காம்பஸ் வேலை" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. வட்டங்களைப் போட்டு, வெட்டிக்கொள்ளும் இடங்களை ஸ்கேலால் சேர்த்து, வட்டங்களை அழித்துவிட்டால் நட்சத்திரம் மிஞ்சும்.

மனைவி நின்றது ஷாஜகானின் பதக்கம் முன்னால். மரகதம் இல்லை, ஜேட் என்கிற பச்சைக்கல். ஹல்திலி என்று பெயர். நெஞ்சுப் படபடப்பு அடங்க மார்பில் கட்டிக்கொள்வது. அதில் வெட்டியிருக்கும் ஹிஜ்ரி ஆண்டு 1041, நம் கணக்கில் 1631-32. மும்தாஜ் பதினான்காவது பிரசவத்தில் இறந்தது 1631இல். "ராஜாவா இருந்தாலும் தாயத்துதானா" என்றாள், அவ்வளவுதான்.

அம்மா எதையும் தேடவில்லை. கால் வலி. பக்கத்தில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈரானின் நிஷாப்பூர்ப் பாணியில் ஒரு கிண்ணம். களிமண்ணுக்கு மேல் வெள்ளைப் பூச்சு, அதில் கறுப்பாக ஒரு வரி எழுத்து. வேறு அலங்காரமே கிடையாது. "தீக்குச்சி அடுக்கின மாதிரி இருக்கே, என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். விளக்கத்தைப் படித்துச் சொன்னேன்: கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு அப்புறம் விதியைத் திட்டுகிறவன் மூடன். "சாப்பிடற தட்டுலயா இதை எழுதுவாங்க?" என்று சிரித்தாள்.

பக்கத்தில் பித்தளைச் சாமான்கள். அவற்றில் சுல்தானின் பட்டங்களும், இதை வைத்திருப்பவருக்கு நலம் உண்டாகட்டும் என்பது போன்ற வாழ்த்துகளும் சுற்றிவர வெட்டியிருக்கும். அம்மாவுக்கு இது உடனே பிடிபட்டது. அவள் கல்யாணச் சீர் எவர்சில்வர் எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக இனிஷியலும் தேதியும் வெட்டியிருக்கும். "பேர் வெட்டாமக் குடுத்தா எது திரும்பி வரும்? சுல்தான் வீட்டுலயும் அக்கம்பக்கம் இரவல் வாங்கியிருப்பாங்க போல" என்றாள். கலை வரலாற்றுக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா தெரியாது. எனக்கு அந்தக் கூடத்தில் கிடைத்த ஆகச் சிறந்த விளக்கம் அதுதான்.

எங்களுக்கு இரண்டாவது நாளும் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. அங்கேயே குடியிருக்கும் உங்களுக்கு இலவசம். ஒரே நாளில் எல்லாத் தளத்தையும் ஏறி இறங்கி யாருக்குக் கணக்குக் காட்டப் போகிறீர்கள்? சாயங்காலம் போங்கள், ஒரு மணி நேரம் போதும். சின்னவனை முதலில் பார்க்கில் ஓடவிட்டு அப்புறம் உள்ளே கூட்டிப்போங்கள். அப்பாவை அந்தப் பித்தளைச் சாமான்கள் பக்கம் உட்காரவைத்து, உங்கள் வீட்டுப் பாத்திரங்களில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.