ஹான்ஸ் ஹார்ட்டுங்: கறையும் கட்டமும்

கேள்வி: சார், தாஷிசம்னா என்ன? பெயிண்ட்டைச் சிந்தி விடுறதா?

பதில்: கிட்டத்தட்ட! பிரெஞ்சில் ‘தாஷ்’ என்றால் கறை. 1950களில் பாரிசில் ஓர் ஓவியப் பாணிக்குப் பரவிய பெயர். அதற்கு முன் அங்கே அரூப ஓவியம், அதாவது ஆளையோ பொருளையோ காட்டாத ஓவியம் என்றால் பெரும்பாலும் ஸ்கேல் பிடித்த சதுரமும் வட்டமும்தான். அது சலித்துப்போனவர்கள் சொட்டு, வழிசல், கிறுக்கல் என்று இறங்கினார்கள். பெயிண்ட்டைச் சொட்டவிட்டு வரைந்த அமெரிக்க ஓவியர் பொல்லாக்குக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வையுங்களேன்.

கேள்வி: யாரிடமிருந்து தொடங்கலாம் அண்ணா?

பதில்: ஹார்ட்டுங். 1904இல் லைப்சிக்கில் பிறந்தவர். சிறுவயதில் மின்னல் வெட்டியதும் நோட்டில் கோணல்மாணலாகக் கோடு இழுப்பாராம். இடிச் சத்தம் கேட்பதற்குள் முடித்துவிட வேண்டும், அப்போதுதான் தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கை. நாஜி ஜெர்மனியை விட்டு 1935இல் பாரிஸ் வந்தார். 1944இல் கிழக்கு பிரான்சின் பெல்ஃபோர் அருகே, பிரெஞ்சுப் படையில் காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலையில் இருந்தபோது அடிபட்டு வலது காலை இழந்தார்.

கேள்வி: கோவிச்சுக்காதீங்க. எங்க அஞ்சு வயசுப் பாப்பா கிறுக்குறதும் இப்படித்தானே இருக்கு?

பதில்: பாப்பா கட்டம் போட்டுக் கிறுக்குமா? ஹார்ட்டுங் போட்டார். முதலில் சிறு காகிதத்தில் மையால் சரசரவென்று இழுப்பார். அதில் பிடித்ததை எடுத்து, பேனர் வரைகிறவர்கள் போட்டோவைப் பெரிதாக்குவதுபோல் கட்டம் போட்டுக் கான்வாசுக்கு மாற்றுவார். தெறித்த துளிகூட இடம் பிசகாமல் வந்து உட்காரும். ஒரே வீச்சு என்று நாம் வாய்பிளக்கும் கோடு, உண்மையில் ஓரம் ஓரமாக நிரப்பியது.

கேள்வி: அப்போ ஏமாத்து வேலைதானே?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் காசில்லாமல், கான்வாசை வீணாக்க முடியாத 1930களில் வந்த பழக்கம் அது. அந்த வீச்சு காகிதத்தில் நிஜமாகவே நடந்ததுதானே? 1960இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியின் பெரும்பரிசு கிடைத்தது. அந்தக் காலத்திலிருந்துதான் நேராகக் கான்வாசிலேயே வரைந்தார், ஈரம் காய்வதற்குள் கீறிக் கீறி.

கேள்வி: மேடையில் வரைஞ்சவரும் இவர்தானா?

பதில்: அது ஜார்ஜ் மாத்தியூ, இன்னொரு தாஷிச ஓவியர். 1956இல் பாரிஸ் நாடக அரங்கில், கூட்டத்துக்கு முன்னால் 12 மீட்டர் நீளக் கான்வாசை அரை மணி நேரத்துக்குள் முடித்தார். மீசையும் ஆர்ப்பாட்டமுமாக ஆள் ஒரு தினுசு. எனக்கு ஹார்ட்டுங்தான்.

கேள்வி: ஒரு காலோடு கடைசிவரை வரைஞ்சாரா?

பதில்: சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் பெயிண்ட்டை ஊற்றிப் பீய்ச்சினார். இறந்தது 1989 டிசம்பரில். அந்த ஆண்டில் மட்டும் 300 ஓவியங்களுக்கு மேல்.