நிறத்தை விடுங்கள், கடைசிக் காலைப் பாருங்கள்

உங்களிடம் உள்ள இரண்டு பூரான்களும் 21 ஜோடிக் கால்களோடு, நிறத்தில் மட்டும் வேறுபடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். நிறத்தை நம்பி இனம் பிரிக்காதீர்கள். இவை சேர்ந்த பெரும்பூரான் பேரினமான ஸ்கோலோபெண்ட்ராவில் ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் வெகுவாக மாறும். பதப்படுத்தச் சாராயத்தில் போட்டால் அதுவும் வெளுத்துவிடும். கால்களின் எண்ணிக்கையும் உதவாது, அந்தப் பேரினம் முழுவதற்கும் அது பொது.

கடைசி ஜோடிக் காலின் முதல் தடித்த கணுவை உருப்பெருக்கியில் பாருங்கள். அந்தப் பேரினத்தின் சப்ஸ்பினிபெஸ், டெஹானி என்ற இரு இனங்களில், சப்ஸ்பினிபெஸில் அதன் அடிப்புறத்தில் பெரும்பாலும் சிறு முட்கள் இருக்கும், டெஹானியில் இருக்காது. இரு கால்களையும் கட்டாயம் பாருங்கள். இழந்த கால் மறுபடி வளரும்போது முட்கள் தாறுமாறாக அமையும், ஒரே காலை வைத்து முடிவுகட்டினால் தவறாகிவிடும். உணர்கொம்பின் அடியில் மயிரில்லாத கணுக்கள் எத்தனை என்றும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். பழைய நூல்கள் டெஹானியை சப்ஸ்பினிபெஸின் துணையினமாகவே எழுதின. 2012இல் வெளிவந்த மீளாய்வு அதைத் தனி இனமாக உயர்த்தியது. ஆகவே நீங்கள் பார்த்த இரு பட்டியல்களில் ஒன்று டெஹானியைத் துணையினமாகவும் மற்றொன்று தனி இனமாகவும் குறித்தாலும், இரண்டும் ஒரே விலங்கைத்தான் சொல்கின்றன. டெஹானி என்று தெரிந்தால் அடையாளச் சீட்டில் தனி இனமாகிய புதிய பெயரையே எழுதுங்கள். முட்கள் தெளிவாகத் தெரியும்படி அடிப்புறப் படம் ஒன்றை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.