ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராதபோது

சகோதரி, அம்மா போய் மூன்று மாதமாகியும் குடும்ப ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை, விசுவாசம் போய்விட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. பைபிளில் 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் படியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. கர்த்தரைப் பாடுவேன் என்பது கடைசி வசனத்தில்தான் வருகிறது. அந்தக் கேள்விகளும் ஜெபம்தான்.

அப்பா இறந்தபோது எனக்கும் இப்படித்தான். பக்கத்து வீட்டு அக்கா தினமும் தூக்கில் சூடாக ரசம் கொண்டுவந்து வைப்பார். ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை. ஒருநாள் அந்தத் தூக்கைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, என்னை அறியாமல் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வந்தது. அந்த ரசத்துக்காக மட்டும்.

இன்று இரவு ஜெபத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அழுகை வந்தால் அழுங்கள். உங்களுக்காக நானும் ஜெபிக்கிறேன்.