சப்வூஃபரை ரெக் அவுட்டில் மாட்டினால் ஏன் வால்யூம் குறைவதில்லை?

வாசகர் கேள்வி: பழைய இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். புதிதாக 10 இன்ச் பவர்டு சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கென்றே உள்ள, உள்ளேயே ஆம்ப் கொண்ட ஸ்பீக்கர்) வாங்கினேன். ஆம்பில் 'சப் அவுட்' இல்லை, அதனால் ரெக் அவுட்டில் மாட்டினேன். வால்யூமைக் குறைத்தால் ஸ்பீக்கர் மட்டும் குறைகிறது, சப் அப்படியே உறுமுகிறது. சப்பில் கோளாறா?

கோளாறெல்லாம் இல்லை. ரெக் அவுட் டேப்பில் பதிவு செய்வதற்காக வைத்தது. நீங்கள் வால்யூமைக் கூட்டிக் குறைத்தால் பதிவாகும் அளவு மாறக் கூடாது இல்லையா, அதற்காகவே சிக்னலை வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே பிரித்து அங்கே அனுப்பிவிடுவார்கள். சப்புக்கு வேண்டியது குமிழைத் தாண்டி வரும் சிக்னல்.

முதலில் ஆம்பின் பின்னால் 'ப்ரீ அவுட்' (குமிழைத் தாண்டிய சிக்னல் வெளியே வரும் துளை) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆர்சிஏ வயரை (இப்போது ரெக் அவுட்டில் மாட்டியிருக்கும் அதே வயர்) அங்கே மாற்றிக் குத்தினால் போதும். ஆனால் சில பழைய ஆம்ப்களில் ப்ரீ அவுட்டையும் மெயின் இன்னையும் (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதிக்குச் சிக்னல் உள்ளே போகும் துளை) ஒரு வளைந்த உலோகத் துண்டு இணைத்திருக்கும், அதைப் பிடுங்கினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், அங்கே ஒய் வயர் போட்டு ஒரு முனையை மெயின் இன்னுக்கும் இன்னொன்றைச் சப்புக்கும் கொடுக்க வேண்டும்.

ப்ரீ அவுட்டும் இல்லையா? பரவாயில்லை, சப்பின் பின்னால் 'ஹை லெவல்' அல்லது 'ஸ்பீக்கர் லெவல்' இன்புட் இருந்தால் ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வயரை இழுத்து அதில் கொடுக்கலாம், இடது இடதுக்கு, வலது வலதுக்கு, ப்ளஸ் மைனஸ் மாறாமல். ஆம்புக்குச் சுமை கூடுமோ என்று பயப்பட வேண்டாம். சப்புக்குள் தனி ஆம்ப் இருக்கிறது, இந்த இன்புட் கிட்டத்தட்ட மின்சாரமே இழுக்காது. எனக்குக் கேட்டால் பழைய ஸ்டீரியோவுக்கு இதுதான் சுலபமான வழி. ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். ஒரே ஒரு கம்பி இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஆம்ப் காலி.

இரண்டாவது ஜோடி ஸ்பீக்கருக்கான 'ஸ்பீக்கர் பி' சும்மாதானே இருக்கிறது என்று அதில் மாட்டுபவர்கள் உண்டு. பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். ஆனால் சில ஆம்ப்கள் ஏ, பி இரண்டையும் சேர்த்துப் போட்டால் தொடர் இணைப்பாக ஓட்டும், அப்போது ஸ்பீக்கர் சத்தம் அநேகமாகச் செத்துவிடும். அப்படி ஆனால் ஏ டெர்மினலிலேயே சேர்த்து மாட்டுங்கள். இன்னொன்று, புதிய கிளாஸ் டி ஆம்ப்கள் பலவற்றில் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது, அதில் மாட்டுவதற்கு முன் சப்பின் கையேட்டைப் படித்தே ஆக வேண்டும்.

சப்பில் ஆர்சிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால் கார் ஆடியோ கடையில் ஹை-லோ கன்வெர்ட்டர் கேளுங்கள், ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ அளவுக்கு இறக்கிக் கொடுக்கும்.

அப்புறம் செட்டிங். கிராஸ்ஓவர் குமிழை (எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்பில் வர வேண்டும் என்று தீர்மானிப்பது) 80 ஹெர்ட்ஸில் வைத்து ஆரம்பியுங்கள், சின்ன ஸ்பீக்கர்கள் அதற்குக் கீழே எப்படியும் திணறும். ஆர்சிஏ வழியாக மாட்டினால் 'எல்எஃப்இ' (ஹோம் தியேட்டரின் தனி பேஸ் சேனலுக்கானது) என்று எழுதிய இன்புட்டைத் தவிர்க்கவும், பல சப்களில் அது கிராஸ்ஓவரையே தாண்டிப் போய்விடும், ஆண்குரல் சப்பிலிருந்து வர ஆரம்பிக்கும். ஃபேஸ் சுவிட்சுக்கு (சப்பின் அலையை ஸ்பீக்கரின் அலையோடு ஒத்துப்போக வைப்பது) விதி எதுவும் இல்லை. பேஸ் கிடார் தெளிவாக இருக்கும் பாட்டு ஒன்றைப் போட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருந்துகொண்டு, வேறு யாரையாவது 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள், எதில் பேஸ் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. கெயினை (சப்பின் சத்த அளவு) அடியிலிருந்து மெல்ல ஏற்றி, சப் எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரிய ஆரம்பித்ததும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். நிறைய பேர் செய்வது இதற்கு நேர் எதிர், காசு கொடுத்து வாங்கியது கேட்க வேண்டாமா என்று முக்கால்வாசி திருப்பி வைத்துவிடுகிறார்கள்!

இடமும் முக்கியம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல், நம் அறைகளைவிடப் பெரியது, அதனால் ஓர் இடத்தில் குவியும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். சப்பை நீங்கள் உட்காரும் சோபா மேலேயே வைத்துப் பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள் (வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்), எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் ஆம்ப், சப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். கேபிள் டிவி வயர் ஸ்டீரியோவோடு இணைந்திருந்தால் அதையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.